ஓடையோரத்துக் காடு

போன வாரம் கீர்த்தனா போன் செய்தாள். நான் காலமெல்லாம் குப்பை கொட்டிய தேயிலை எஸ்டேட்டில் இப்போது என் வேலையைப் பார்க்கும் பெண் அவள். காங்கேயம் பக்கத்துக்காரி. அவள் பதவிக்கு வாய் நிறைய ஒரு பெயர் இருக்கிறது, 'சஸ்டெய்னபிலிட்டி ஆபீசர்' என்று. நான் பார்த்தபோது அதற்குப் பெயரே கிடையாது. "எஸ்தரம்மா, அந்தச் சுற்றுச்சூழல் கணக்கையும் சேத்துப் பாத்துக்குங்க" என்றார் மேனேஜர். பார்த்தேன்.

"மேடம், ஒரு சந்தேகமுங்க. கீழ் டிவிஷன்ல ஓடையோரத்துக் காடு ஒரு வருஷம் அழிஞ்சுபோயி, அப்பறம் மறுபடி வந்துச்சுன்னு நம்ம கணக்குல இருக்குது. நான் பழைய சாட்டிலைட் படத்தைத் தேடி எடுத்துப் பாத்தனுங்க. அழியறதுக்கு முந்தியும் அங்க காடே இல்லீங்களே?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இல்லாத காடு எப்படீங்க மேடம் அழியும்?"

"அம்மா கீர்த்தனா, இதே கேள்வியை நான் எத்தனை வருஷமா ஆண்டவர்கிட்ட கேட்டுட்டு இருக்கேன் தெரியுமா? அவரும் வாயைத் திறக்கல."

"அப்ப எழுதிக் குடுத்துருங்க மேடம். ஃபைல்ல வெச்சுக்கறேன்" என்றாள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கதை கேட்டார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஃபைலுக்குக் கேட்கிறார்கள். சரி என்று உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது அருவங்காட்டில். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஊர்ப் பெயரில்தான் காடு. எங்கள் தெருவில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. எனக்குக் காடு என்றால் மரம், இருட்டு, அட்டைப்பூச்சி, "அந்தப் பக்கம் போகாதே" என்று அப்பா சொல்லும் இடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குன்னூரில் டைப்ரைட்டிங் பாஸ் செய்து எஸ்டேட் ஆபீசில் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசிலேயே எக்செல் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், எக்செல்லில் என்ன வந்தாலும் என் தலையில்தான் விழும். அப்படித்தான் சுற்றுச்சூழலும் விழுந்தது. வெளிநாட்டில் தேயிலைப் பொட்டலத்தின்மேல் பச்சை முத்திரை கேட்கிறார்களாம். முத்திரை வேண்டுமானால் இலக்கு வேண்டும். இலக்கு வேண்டுமானால் மாதாமாதம் கணக்கு வேண்டும். எத்தனை விறகு, எத்தனை தண்ணீர், எத்தனை கரண்ட், எவ்வளவு கழிவு, எவ்வளவு காடு.

கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? விறகையே எடுத்துக்கொள்ளுங்கள். இலையை வாட்டவும் தூளைக் காயவைக்கவும் ஃபாக்டரி அடுப்பில் விறகு எரிக்கிறோம். ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ விறகு என்பது கணக்கு. மழைக்காலத்தில் விறகு நனைந்திருக்கும், அதனால் எடை கூடும். இலையும் நனைந்திருக்கும், அதனால் விறகு அதிகமாக எரியும். ஆக, வானம் பெய்தால் நாங்கள் இயற்கைக்குத் துரோகிகள், வெயிலடித்தால் புண்ணியவான்கள். கழிவு அதைவிட மோசம். தூளில் வரும் நாரையும் தூசியையும் விற்கக்கூடாது, இவ்வளவாவது கழிவாக ஒதுக்கிக் காட்டியே ஆகவேண்டும் என்பது அரசாங்க விதி. தலைமை ஆபீஸ் வைத்த இலக்கோ 'கழிவே இருக்கக்கூடாது'. ஒருத்தருக்குக் கழிவு இருந்தால்தான் நாங்கள் யோக்கியர்கள், இன்னொருத்தருக்கு இல்லாவிட்டால்தான். நான் ஒவ்வொரு மாதமும் தலையைப் பிய்த்துக்கொண்டு இரண்டு தாளிலும் இரண்டு விதமாக எழுதி, இரண்டுக்கும் மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவேன்.

மேனேஜரைப் பெரிய துரை என்றுதான் எஸ்டேட்டில் சொல்வோம். பெயர் விசுவநாதன், பொள்ளாச்சிக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதைதான் ஏறும். நல்ல மனநிலையில் இருந்தால், "எஸ்தர், அந்த ஃபைல் எங்கே?" கொஞ்சம் கடுப்பு என்றால், "எஸ்தரம்மா, அந்த ஃபைல் எங்கீங்க?" உச்சத்துக்குப் போய்விட்டால், "ஏனுங்க எஸ்தரம்மா, தாங்கள் கொஞ்சம் சிரமம் பாக்காம அந்த ஃபைலைக் காட்டுனா நான் பொழச்சுக்குவனுங்க" என்று இரண்டு கையையும் கூப்புவார். அன்றைக்கு லீவு போட்டு ஓடிவிடுவது உடம்புக்கு நல்லது.

இலக்கு வைப்பதற்காகப் பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் பெண் வந்தாள். நல்ல பெண், சுறுசுறுப்பு. தமிழ் மட்டும் ஒரு சொல் தெரியாது. நான் மொழிபெயர்ப்பாளர். கீழ் டிவிஷன் பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடத்தில், சூப்பர்வைசர் சின்னச்சாமியண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தினோம். ஓடை ஓரத்தில் காடு இருந்தால் தண்ணீர் கெடாது, அதனால் அதை முதலில் கேளுங்கள் என்றாள் அந்தப் பெண்.

"அண்ணா, உங்க டிவிஷன்ல ஓடையோரத்துல காடு இருக்குதா?" என்றேன்.

சின்னச்சாமியண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஓடையோரம் பூராவும் காடுதானுங்க அம்மிணி! பாலத்துல இருந்து கடைசி லைன் வீடு வரைக்கும். இந்த எஸ்டேட்லயே அப்படி ஒரு காடு கெடையாதுங்க. நானே பாத்துப் பாத்து வளத்துனது."

நான் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பெண் கண் விரியக் கேட்டு, "ஒரு தொழிலாளி தானே காடு வளர்த்திருக்கிறாரா!" என்று அவரோடு சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். மணி ஆகிவிட்டதால் இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை, ஃபாக்டரி பார்க்கவேண்டியிருந்தது. ஓடையோரம் முழுதும் காடு என்று கணக்கில் ஏறியது. இலக்கு: இந்தக் காடு ஒரு சென்ட்கூடக் குறையக்கூடாது.

சில வருஷங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. வருஷாவருஷம் கேட்பேன், "அண்ணா, காடு எப்படி?" "குறையே இல்லீங்க" என்பார். முத்திரை வந்தது. பொட்டலத்தில் பச்சை இலை சிரித்தது. சின்னச்சாமியண்ணன் ஓய்வு பெற்றுக் காரமடையில் மகன் வீட்டுக்குப் போனார். அவர் இடத்துக்கு மேல் டிவிஷனிலிருந்து ஆறுமுகம் வந்தான்.

ஆறுமுகத்தின் அப்பா அம்மா இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். இவன் பிறந்தது இங்கேதான். பேச்சு மட்டும் கண்டி எஸ்டேட்டில் நிற்கும். மூக்குக்கு மேல் கோபம். வேலையில் மட்டும் ஒரு குற்றம் சொல்லமுடியாது. முதல் வருஷக் கணக்குக்குப் போனில் கேட்டேன்.

"ஆறுமுகம், ஓடையோரத்துக் காடு எப்படி இருக்கு?"

"ஓடையோரத்துல காடு எங்கக்கா இருக்கு? அங்கிட்டு ஒண்ணுமில்லையே."

"நல்லாப் பாத்துச் சொல்லுப்பா."

"தெனம் அதுலதானே நிக்கிறேன். ஒரு மரங்கூட இல்ல."

அவன் சொன்னதை எழுதி அனுப்பினேன். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் எங்கள் எஸ்டேட் பெயர் சிவப்பில் எரிகிறது. காடு முழுதாக அழிந்துவிட்டது, காரணம் என்ன, பொறுப்பாளர் யார், உடனே தெரிவிக்கவும். கீழே ஒரு வரி: விளக்கம் சரியில்லை என்றால் முத்திரை ரத்து, பொறுப்பாளர் வேலைநீக்கம்.

பெரிய துரை என் மேசைக்கு வந்தார். "ஏனுங்க எஸ்தரம்மா," என்றார், "நம்ம காடு எங்காவது வெளியூருக்குப் போயிருக்குதுங்களா?"

ஆறுமுகத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீடும் போகும். அவன் மகள் அப்போதுதான் கோயம்புத்தூரில் நர்சிங் சேர்ந்திருந்தாள். அவன் மனைவி ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலிலிருந்து வரும் வழியில் நின்று, "அக்கா, அவரு காட்டை என்ன செஞ்சாராம்? எங்களுக்கு ஒண்ணுமே வெளங்கலயே" என்று அழுதாள். எனக்கு மட்டும் விளங்கியதா? சின்னச்சாமியண்ணன் பொய் சொல்லும் ஆள் இல்லை. ஆறுமுகமும் இல்லை. இருவரும் உண்மை சொன்னால், நடுவில் ஒரு காடு எப்படிக் காணாமல் போகும்? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விசாரணைக்குச் சின்னச்சாமியண்ணனை வரவழைத்தார்கள். மனுஷர் வரும் வழியில் பர்லியாரில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு விருந்துக்கு வருவதுபோல் வந்தார். பெரிய துரையின் மேசையில் வைத்து, "சாப்புடுங்க, சாப்புடுங்க" என்று உடைத்துக் கொடுத்தார். எல்லார் விரலிலும் கறை. மூலையில் ஆறுமுகம் கையைக் கட்டிக்கொண்டு, அதைத் தொடாமல் நின்றான்.

"சின்னச்சாமி, உங்க காலத்துல ஓடையோரத்துல காடு இருந்துச்சுங்களா?" என்றார் பெரிய துரை.

"இருந்துச்சுங்களே! நான் கையில ஒப்படைச்சப்பக்கூட ஜம்முனு இருந்துச்சுங்க."

அவ்வளவுதான். எரிகிற கொள்ளியில் எண்ணெய். ஆறுமுகம் பாய்ந்து முன்னால் வந்தான். "ஐயா, மனச்சாட்சியோட பேசுங்க! அம்மாந்தூரத்துக் காட்டை நான் என்ன, மடியில கட்டிக்கிட்டா போயிட்டேன்? ஒரு மரம் வெட்டுனா கோடாலிச் சத்தம் கேக்காதா? லாரி வராதா?"

"நான் எதுக்கு சாமி பொய் சொல்றேன்? காடு இல்லாமயா வருசம் பூராக் கொழுந்து பறிச்சோம்?"

கொழுந்தா? என் கையிலிருந்த மங்குஸ்தான் கீழே விழுந்தது. "துரை, எல்லாரும் ஒருவாட்டி ஓடைக்குப் போய்ப் பாத்துரலாங்க" என்றேன். எப்படி எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. ஜீப்பில் போனோம். பாலத்தில் இறங்கி, "அண்ணா, காட்டைக் கையால காட்டுங்க" என்றேன்.

சின்னச்சாமியண்ணன் எனக்குப் பைத்தியமோ என்பதுபோலப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். ஓடையை ஒட்டிப் பச்சைப் பசேலென்று, வெட்டி மட்டம் பண்ணிய தேயிலை. "இதா, காடு. அப்படியேதான் இருக்குது. எங்க போச்சுங்கறீங்க?"

"இதா?" ஆறுமுகம் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயா, இது மலை!"

"மலையா? மலை அங்கல்ல இருக்குது" என்று அண்ணன் எதிரே மேகம் மூடிய சிகரத்தைக் காட்டினார்.

கொங்குநாட்டில் விவசாய நிலம் காடு. பயிர் செய்கிற இடமெல்லாம் காடு. அதனால் அண்ணனுக்குத் தேயிலை விளையும் இடம் காடு. இலங்கை எஸ்டேட்டில் அதற்குப் பெயர் மலை. அங்கே கொழுந்தெடுக்கப் போவதை மலைக்குப் போவது என்பார்கள். அருவங்காட்டுக்காரி எனக்குக் காடு என்றால் மரம். மூன்று பேரும் தமிழில்தான் பேசினோம். பெங்களூர்ப் பெண் ஒருத்திக்குத்தான் தமிழ் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய துரை குனிந்து ஒரு கொழுந்தைக் கிள்ளினார். அவரும் பொள்ளாச்சிக்காரர், அவர் வீட்டிலும் காடுதான். "எனக்கும் தோணவே இல்லீங்க எஸ்தரம்மா," என்றார். "அந்தப் படிவம் இங்கிலீஷ்ல இருந்துச்சுங்களா, நானும் இங்கிலீஷ்லயே படிச்சுட்டேன்." அப்புறம் ஆறுமுகத்தின் தோளில் கைவைத்தார். சின்னச்சாமியண்ணனோ, "நான் சரியாத்தானுங்களே சொன்னேன்?" என்று ஊருக்குப் பஸ் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். நடந்ததை விவரமாக எழுதித் தலைமை ஆபீசுக்கு அனுப்பினோம். பதில் வந்தது. முந்தைய வருஷங்களின் கணக்கு தேயிலை வாங்குபவர்களுக்குப் போய்விட்டது, அதை மாற்ற இயலாது. காரணப் பட்டியலில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். தீ, மண்சரிவு, ஆக்கிரமிப்பு, மரம் வெட்டுதல், கவனக்குறைவு. 'காடு என்ற சொல்' என்று ஒரு காரணம் அதில் இல்லை.

தீ என்றால் புகை எங்கே? மண்சரிவு என்றால் மண் எங்கே? வெட்டு என்றால் வனத்துறை வந்து மரம் எங்கே என்று கேட்கும், காட்ட ஒரு குச்சி இல்லை. ஆறுமுகத்தின் வேலையைக் காப்பாற்றப் பெரிய துரை தலைமை ஆபீசோடு ஒரு வாரம் மரியாதையாகப் பேசினார். அப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. கடைசியில் இருப்பதற்குள் சின்னதாக ஒன்று முடிவானது. காரணம்: கவனக்குறைவு. பொறுப்பாளர்: ஆறுமுகம். தண்டனை: எச்சரிக்கை. பரிகாரம்: அழிந்த காட்டை அதே இடத்தில் திரும்ப வளர்ப்பது.

அதாவது தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரம் நடவேண்டும். கோடையிலும் துளிர்விடும் ஓடையோரத் தேயிலை! பறிக்கிற பெண்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "ஏனுங்க, நல்லா இருக்கற காட்டைப் புடுங்கிப்போட்டுக் காடு வெக்கறீங்களே, கிறுக்கா புடிச்சிருக்குது?" என்று கேட்டாள் பழனியம்மாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைகூட இதற்கு உறைபோடக் காணாது.

நடும் வேலையை ஆறுமுகத்துக்கே கொடுத்தார்கள். முதல் நாள் அவன் கடப்பாரையைத் தூக்கி எறிந்தான். "நான் அழிக்காத காட்டை நானே நடணுமா? என்னக்கா நியாயம் இது?" என்று கத்தினான். மறுநாள் அவனே போய் எடுத்துவந்தான். நாவலும் காட்டுச்செண்பகமும் நட்டான். முதல் கூட்டத்தைக் காட்டெருமை மிதித்துப் போட்டது. அடுத்ததை உறைபனி கருக்கியது. அதற்கடுத்த பனிக்குத் தேயிலை நாற்றுக்குச் செய்வதுபோல ஒவ்வொரு கன்றுக்கும் பெரணி இலையால் குல்லாய் போட்டான். லயத்தில் அவனுக்குக் 'காடுதின்னி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய சூப்பர்வைசர் பதவி வரும் ஒவ்வொரு முறையும் அந்த எச்சரிக்கை குறுக்கே விழுந்தது. பிறகு மரங்கள் நின்றுவிட்டன. தலைமை ஆபீஸ் 'காடு மீட்பு' என்று படம் போட்டது. நான் ஓய்வு பெற்ற நாளில் எனக்கு ஒரு கேடயம் தந்தார்கள். இல்லாத காட்டைத் தொலைத்து, தொலைத்ததை மீட்டதற்குக் கேடயம். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அலமாரிக்கு மேல் குப்புறப் போட்டிருக்கிறேன்.

கீர்த்தனாவுக்காக இவ்வளவும் எழுதி, போனில் வாசித்தும் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கூட்லயும் அப்பா காட்டுக்குத்தானுங்க மேடம் போவாரு!" என்றாள். பிறகு சொன்னாள், இப்போது பழைய கணக்கையும் திருத்தலாமாம். சாட்டிலைட் படம்தான் சாட்சி. ஆறுமுகத்தின் எச்சரிக்கையை அடியோடு எடுத்துவிடலாம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்த மாதம் அவனுக்கு ஓய்வு. பெயர் சுத்தமாக வெளியே போகலாம்.

"ஆனா மேடம்," என்று இழுத்தாள். "முந்தி அங்க காடு இருந்துச்சுன்னு கணக்கு சொல்றதுனாலதான் அது 'மீட்ட காடு'. அதை யாரும் தொடமுடியாது. முந்தி தேயிலைன்னு திருத்துனா அது வெறும் மரம் நட்ட தேயிலை நிலமுங்க. கம்பெனி டூரிஸ்ட் காட்டேஜ் கட்ட ஓடைப்பக்கமா எடம் தேடிட்டு இருக்குது. அந்த லிஸ்ட்ல மொதல்ல இதுதான் போகும்."

போனை வைத்துவிட்டு, எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு ஆறுமுகத்தின் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் மனைவிதான், "பேரைத் துடைச்சிக்கிடுங்க, இத்தன வருசம் பட்டது போதும்" என்றாள். அவன் காலில் முழங்கால்வரை பூட்ஸை ஏற்றினான்.

"அந்தப் புள்ளைக்குப் போன் போட்டுக் குடுங்கக்கா."

போட்டுக் கொடுத்தேன்.

"பாப்பா, நாந்தான் ஆறுமுகம். ஒண்ணும் மாத்த வேணாம். என் கவனக்குறைவுதான். முன்னாடி அங்க பெரிய காடு இருந்திச்சி."

மறுமுனையில் கீர்த்தனா என்ன சொன்னாளோ தெரியவில்லை. அவன் போனை என் கையில் வைத்தான். நான் எழுதியது இனி ஃபைலுக்கு ஆகாது. கிழித்துப்போடவும் மனம் வரவில்லை; ஊரையும் பேரையும் மாற்றி இங்கே கொடுத்திருக்கிறேன். அவன் செய்தது சரியா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது.

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினான். மலை என்று மட்டுமே சொல்லி வளர்ந்த வாய் அது.

"அக்கா, இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. நான் காட்டுக்குப் போயிட்டு வாறேன்" என்றான்.

எந்தக் காடு என்று நான் கேட்கவில்லை.